பூச்சி மாத்திரை: அல்பெண்டசோலா, மெபெண்டசோலா, பைரண்டலா?

மருந்துக்கடையில் 'பூச்சி மாத்திரை' என்று கேட்டால் பெரும்பாலும் அல்பெண்டசோல் 400 மி.கி.தான் கைக்கு வரும். மெபெண்டசோலும் அதே குடும்பம். குளுக்கோஸை உறிஞ்சவிடாமல் இரண்டும் புழுவைப் பட்டினி போட்டே கொல்கின்றன. பைரண்டல் அப்படியல்ல. புழுவின் தசை விறைத்து, குடலைப் பிடித்திருக்க முடியாமல் மலத்தோடு வந்துவிடும்.

உருண்டைப்புழுவுக்கு மூன்றில் எதுவும் போதும். கொக்கிப்புழு என்றால்தான் மாத்திரைக்கு மாத்திரை வித்தியாசம் தெரியும். வெறுங்கால் தோலைத் துளைத்து நுழையும் இதன் இளம்புழு, ரத்தத்தோடு நுரையீரல் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலுக்கு வந்து சுவரைக் கவ்விக்கொள்ளும். இனத்தைப் பொறுத்து ஒரு புழுவால் நாளொன்றுக்கு 0.03 முதல் 0.2 மில்லி வரை ரத்தம் போகும். நூறு புழு இருந்தால் சோகை வராமல் என்ன செய்யும்? ஒரே வேளை அல்பெண்டசோலில் பெரும்பாலோருக்குக் கொக்கிப்புழு போய்விடுகிறது. ஒரே வேளை மெபெண்டசோல் 500 மி.கி.யில் பாதிப் பேருக்குக்கூடப் போவதில்லை. காலை மாலை 100 மி.கி. வீதம் மூன்று நாள் கொடுத்தால் தேவலாம். ஆனால் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிற்க வைத்துக் கொடுக்க அது ஆகாது. 2015 முதல் நடக்கும் தேசியக் குடற்புழு நீக்க நாளில் அல்பெண்டசோல் கொடுப்பது சரியான தேர்வுதான். ஒன்றிலிருந்து இரண்டு வயதுவரை அரை மாத்திரை, அதற்கு மேல் 19 வயதுவரை முழுசு. என் குறை வேறு: கொக்கிப்புழு பெரியவர்களிடமும் ஏராளம், அவர்களை யார் கேட்கிறார்கள்? வேலூரிலும் ஜவ்வாது மலையிலும் நடந்த டீவோர்ம்3 ஆய்வில்தான் ஊர் முழுக்கக் கொடுத்துப் பார்த்தார்கள்.

சாட்டைப்புழுவிடம் பைரண்டல் பலிக்காது. மற்ற இரண்டிலும் ஒரே வேளையில் பாதிப் பேர்கூடத் தேறுவதில்லை. மருத்துவர் மூன்று நாள் எழுதினால் மூன்று நாளும் போடுங்கள்.

கீரிப்பூச்சிக்கு எந்த மாத்திரை என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ராத்திரி ஆசனவாயைச் சுற்றி முட்டையிடும், பிள்ளை சொறியும், முட்டை நகக்கண்ணில் ஏறி மறுபடி வாய்க்குப் போகும். மருந்து புழுவைக் கொல்லும், முட்டையை அல்ல. ஆகவே இரண்டு வாரம் கழித்து இன்னொரு வேளை, அதுவும் வீட்டில் எல்லோருக்கும். எடை பார்த்துக் கொடுக்கும் பைரண்டல் சிரப், மாத்திரையைத் துப்பும் பிள்ளைகளுக்கு வசதி.

கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம் அல்பெண்டசோல், மெபெண்டசோல் இரண்டும் வேண்டாம். வலிப்பு உள்ளவர்கள் தாமாக அல்பெண்டசோல் வாங்கிப் போடக்கூடாது: மூளையில் பன்றி நாடாப்புழுவின் இளம்புழு கட்டியாகத் தங்கியிருந்தால், அது சாகும்போது வீக்கம் கூடி வலிப்பு வரலாம்.