மத்தியதரைக் கடலில் ஏழு இரவுகள்: ஒரு கப்பல் சுற்றுலாவின் மதிப்புரை

மத்தியதரைக் கடல் கப்பல் சுற்றுலாவுக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒருவர் படிக்க வேண்டிய முதல் தாள், கப்பல் எந்தத் துறைமுகத்தில் எத்தனை மணிக்கு நுழைந்து எத்தனை மணிக்குப் புறப்படுகிறது என்று சொல்லும் கால அட்டவணைதான். எத்தனை நீச்சல் குளங்கள், எத்தனை உணவகங்கள், அரங்கம் எவ்வளவு பெரியது என்பவற்றையே விளம்பரங்கள் முன்னிறுத்துகின்றன. ஆனால் வேலூரிலிருந்து இவ்வளவு தொலைவையும் செலவையும் ஏற்றுச் செல்பவர் காண விரும்புவது கரையில் இருக்கும் ஊர்களைத்தான். அண்மையில், அக்டோபர் மாதத் தொடக்கத்தில், என் மனைவியுடனும் எழுபது வயதைக் கடந்த என் தாயாருடனும் பார்சிலோனாவில் கப்பலேறி, பிரான்சின் மர்சேய், இத்தாலியின் ஜெனோவா, நேப்பிள்ஸ், மெசினா, மால்டாவின் வல்லெட்டா வழியாக மீண்டும் பார்சிலோனாவுக்கே திரும்பும் ஏழு இரவுப் பயணத்தை முடித்து வந்தேன். இதற்கு முன் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்குச் சென்று வந்த குறுகிய பயணம் ஒன்றே எனக்கிருந்த கப்பல் அனுபவம் என்பதால், இதைப் புதியவர் ஒருவரின் மதிப்பீடாகவே கொள்ள வேண்டுகிறேன்.

விசாவைப் பொறுத்தவரை இந்த வழித்தடம் எளிதானது. ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி, மால்டா ஆகிய நான்கும், ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் தொகுதியான ஷெங்கன் பகுதிக்குள் அடங்குவதால் ஒரே விசா போதும். அதிக நாள்கள் தங்கும் நாட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. நாள்கள் சமமாக வந்தால் முதலில் நுழையும் நாட்டுக்கு. கப்பலேறும் முன்னும் இறங்கிய பின்னும் பார்சிலோனாவில் தங்கியதால் நாங்கள் ஸ்பெயினுக்கு விண்ணப்பித்தோம். கைரேகை பதிவதற்காக மூவரும் சென்னைக்குச் சென்று வந்தோம். 2024 ஜூன் முதல் வயது வந்தவர் ஒருவருக்கு விசாக் கட்டணம் 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. இடையில் துருக்கியையோ துனிசியாவையோ தொடும் வழித்தடமானால், ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறி மீண்டும் நுழைய வேண்டியிருக்கும் என்பதால், பலமுறை நுழைவு அனுமதி உள்ள விசாவாகக் கேட்டுப் பெற வேண்டும். குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் காப்பீடும் கட்டாயம். வயதானவரை அழைத்துச் செல்பவர்கள், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் அந்தக் காப்பீடு பொருந்துமா என்று எழுத்து வடிவில் கேட்டுக்கொள்வது நல்லது. கப்பலில் மருத்துவர் இருக்கிறார், ஆனால் அவரைப் பார்ப்பதற்குக் கட்டணம் உண்டு, அது நம் ஊர்க் கணக்கில் மிகப் பெரிய தொகை. மாத்திரைகளையும் மருத்துவர் சீட்டையும் கைப்பையிலேயே வைத்திருக்க வேண்டும். துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெட்டிகள் அறைக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும்.

செலவைப் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். விளம்பரத்தில் கண்ட தொகை அறைக்கும் மூன்று வேளை உணவுக்கும் மட்டுமே உரியது. ஒருவருக்கு நாளொன்றுக்குப் பத்து யூரோவுக்கு மேல் சேவைக் கட்டணம் தானாகவே கணக்கில் ஏறிவிடுகிறது. பானங்கள், வைஃபை, கரைச் சுற்றுலா ஆகிய அனைத்தும் தனி. இரவு உணவு மேசையில் வைக்கப்படும் தண்ணீர்ப் புட்டிக்கும் பணம் வாங்குகிறார்கள் என்பது, வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுக்கும் பழக்கத்தில் வளர்ந்த எங்களுக்கு ஏற்கவே முடியாததாக இருந்தது. பஃபே கூடத்தில் குடிநீர்க் குழாய் இருக்கிறது, அதற்குக் கட்டணம் இல்லை. ஆகவே நாங்கள் பெரும்பாலும் அங்கேயே சாப்பிட்டோம். கைப்பேசியைக் கப்பல் புறப்பட்டதும் விமானப் பயன்முறைக்கு மாற்றிவிட வேண்டும். நடுக்கடலில் அது பிடித்துக்கொள்ளும் செயற்கைக்கோள் வலையமைப்பு, இந்தியாவில் வாங்கிச் செல்லும் ரோமிங் திட்டங்களில் பொதுவாக அடங்குவதில்லை.

கப்பலைப் பற்றி எனக்குக் குறை அதிகம் இல்லை. நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளை ஏற்றும் அந்தக் கப்பலில், ஏறியவுடன் நடைபெறும் பாதுகாப்புப் பயிற்சியில் ஏழு குறுகிய ஒலிகளும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் எங்கே கூட வேண்டும் என்பதைப் பொறுமையாக விளக்கினார்கள். 2012 ஜனவரியில் இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா கப்பல் பாறையில் மோதிக் கவிழ்ந்து 32 பேர் உயிரிழந்த பிறகு, பயணிகள் ஏறியதும் கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ இப்பயிற்சியை நடத்தியாக வேண்டும் என்று உலக அளவில் விதி இறுக்கப்பட்டது. சிலர் அதைத் தவிர்த்துவிட்டு உணவுக்கூடத்துக்குச் செல்ல முயன்றதைப் பார்த்தேன். அப்படிச் செய்யக் கூடாது.

அறை சிறியது, ஆனால் தூய்மையானது. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேட்டு வாங்கியிருந்தோம். அங்கேதான் ஆட்டம் மிகக் குறைவு. பார்சிலோனாவுக்கும் மர்சேய்க்கும் இடைப்பட்ட லியோன் வளைகுடாவில், ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக இறங்கி வீசும் மிஸ்ட்ரல் காற்று கடலைக் கொந்தளிக்கச் செய்யும் என்பதால், முதல் இரவிலேயே இந்தத் தேர்வின் பயன் தெரிந்தது. கழிவறையில் தண்ணீர்க் குழாய் இருக்காது. ஒரு சிறு குவளையைப் பெட்டியில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். மின்சாரக் கெட்டில், ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றை ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். தீ விபத்தைத் தடுப்பதற்கான அந்த ஏற்பாட்டைக் குறை சொல்ல இயலாது. சம்பிரதாய இரவு விருந்தன்று என் மனைவியும் அம்மாவும் ஆரணிப் பட்டு உடுத்தி வந்தபோது, பக்கத்து மேசையில் இருந்த இத்தாலிய மூதாட்டி ஒருவர் எழுந்து வந்து முந்தானையின் சரிகையைத் தொட்டுப் பார்க்க அனுமதி கேட்டார்.

உணவில் பீட்சாவும் பழங்களும் தயிரும் மிக நன்று. சோற்றை இத்தாலியர் சற்று விறைப்பாகவே இறக்குவதால் அம்மாவால் முதல் இரண்டு வேளையும் சரியாகச் சாப்பிட முடியவில்லை. சைவ உணவு வேண்டும் என்று முன்பதிவின்போதே குறிப்பிட்டிருந்தோம். ஆனால் பலன் தந்தது அந்தக் குறிப்பு அன்று, சமையல் பிரிவில் பணியாற்றிய தூத்துக்குடிப் பக்கத்து இளைஞர் ஒருவரின் அக்கறை. எங்கள் பேச்சைக் கேட்டு அருகில் வந்தவர், “அம்மா, நாளைக்கு உங்களுக்குக் குழைவாகச் சாதமும் பருப்பும் செய்து தரச் சொல்லட்டுமா?” என்று கேட்டார். “நீ சாப்பிட்டாயா தம்பி?” என்பதே அம்மாவின் முதல் மறுமொழி. அதன் பிறகு பயணம் முடியும்வரை உணவுக் கவலை இல்லை. மாதக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து கடலிலேயே உழைக்கும் இத்தகைய பணியாளர்களின் கனிவுதான் அந்தக் கப்பலில் எனக்கு மிக உயர்ந்ததாகப் பட்டது; சேவைக் கட்டணத்துக்கு அப்பால் அவர்கள் கையில் தனியாகவும் ஏதேனும் கொடுத்துவிட்டு வருவது முறை.

இனித் துறைமுகங்கள். மர்சேயில் கப்பல் நிற்கும் இடம் பழைய துறைமுகத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நாங்கள் கட்டணப் பேருந்தில் சென்றோம். கி.மு. 600 அளவில் கிரேக்கர் குடியேறி உருவாக்கிய அந்த நகரில், குன்றின் மேலிருக்கும் நோத்ர தாம் தெ லா கார்த் தேவாலயத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பவே பொழுது சரியாக இருந்தது.

ஜெனோவா எனக்குத் தனிப்பட்ட முறையில் நெருக்கமான பெயர். ஆம்பூரில் காலணி ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற நான், கப்பலில் சரக்கு ஏற்றியதற்குச் சான்றான பில் ஆஃப் லேடிங் ஆவணங்களில் சரக்கு இறங்கும் துறைமுகம் என்ற இடத்தில் அந்தப் பெயரைப் பல ஆண்டுகள் தட்டச்சு செய்திருக்கிறேன். வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் பதனிடப்பட்ட தோல் இறங்கிய அந்தத் துறைமுகத்தை, 1543இல் கட்டப்பட்ட 77 மீட்டர் உயர லாந்தர்னா கலங்கரை விளக்கத்தைக் கடந்து கப்பல் நுழைந்தபோது மேல்தளத்தில் நின்று பார்த்தேன். எங்கள் சரக்குப் பெட்டிகள் அடுக்கப்பட்டிருந்த முனையம் எதுவாக இருக்கும் என்று தேடியதில் காலை உணவையே மறந்துவிட்டேன். கப்பல் நகரத்தை ஒட்டியே நிற்பதால் குறுகிய சந்துகளுக்குள் நடந்தே செல்லலாம். 2006இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற அரண்மனை வீதிகள் நடை தூரத்தில் உள்ளன. வழியெங்கும் காலணிக் கடைகள். தையலையும் அடித்தோலையும் திருப்பித் திருப்பிப் பார்த்த என்னைக் கடைக்காரர் ஒருவர் சக தொழிலாளியாகவே நடத்தினார்.

நேப்பிள்ஸில்தான் கால அட்டவணையின் பொருள் முழுமையாக விளங்கியது. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை புதைத்த பொம்பெயி நகரம் அங்கிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் அடையக்கூடியது. ஆயினும் அம்மாவை நெரிசலான ரயிலில் ஏற்ற வேண்டாம் என்று கப்பல் நிறுவனத்தின் கரைச் சுற்றுலாவையே எடுத்தோம். அவர்களது பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும் என்பது அதன் ஒரே பெரிய நன்மை. காலையில் இறங்குவதற்கான வரிசை, பேருந்துப் பயணம், கேட்காமலேயே கொண்டு நிறுத்தப்பட்ட பவளச் சிற்பக் கடை, புறப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே கப்பலுக்குள் இருக்க வேண்டும் என்ற விதி ஆகிய யாவும் போக, பொம்பெயிக்குள் எங்களுக்குக் கிடைத்தது ஏறத்தாழ இரண்டு மணி நேரம். 1748 முதல் அகழப்பட்டும் இன்னும் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள்ளேயே இருக்கும் நகரத்துக்கு அது எந்த வகையிலும் போதாது. வண்டிச் சக்கரங்கள் தேய்த்த தடங்களும், மழைநீரில் கால் நனையாமல் தெருவைக் கடக்க நட்ட கற்களும், ரொட்டிக் கடையின் திரிகைக் கற்களும் அப்படியே இருக்கின்றன. அந்தத் திரிகைகளின் முன் அம்மா நெடுநேரம் நின்றார், வழிகாட்டியோ நேரமாகிவிட்டது என்று கொடியை உயர்த்திக்கொண்டிருந்தார்.

1938இல் இதே பொம்பெயியின் வீடொன்றிலிருந்து இந்தியாவில் செதுக்கப்பட்ட தந்தப் பெண் சிற்பம் ஒன்று கிடைத்தது; பொம்பெயி லட்சுமி என்று அழைக்கப்படும் அது நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் உள்ளது. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் ரோமானிய மதுச் சாடிகள் கிடைத்ததைப் பள்ளிப் பாடத்தில் படித்த நமக்கு, அந்த வணிகத்தின் மறுகரையில் நின்று அச்சிற்பத்தைக் காண்பது எத்தகைய நிறைவாக இருந்திருக்கும்! அருங்காட்சியகம் துறைமுகத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லை, நேரம்தான் இல்லை. அம்மா உடன் வராவிட்டால் நான் ரயிலிலேயே சென்று இரண்டையும் பார்க்க முயல்வேன். 2024 நவம்பர் முதல் பொம்பெயிக்கு நாளொன்றுக்கு 20,000 பேரை மட்டுமே அனுமதிக்கிறார்கள். சீட்டில் பயணியின் பெயர் இருக்க வேண்டும். எனவே முன்பதிவு அவசியம். அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை.

மெசினாவில் எல்லாம் நடை தூரம். 1908 நிலநடுக்கத்தில் தரைமட்டமாகி மீண்ட ஊர் அது. பேராலயத்தின் மணிக்கூண்டில் 1933இல் நிறுவப்பட்ட இயந்திரக் கடிகாரம் நண்பகலில் சிங்கத்தைக் கர்ஜிக்கவும் சேவலைக் கூவவும் வைக்கும் காட்சியைச் சதுக்கத்தில் அமர்ந்தே பார்க்கலாம் என்பதால் முதியவர்களுக்கு மிகவும் ஏற்றது.

வல்லெட்டாவுக்காகவே இந்தப் பயணத்தை மீண்டும் மேற்கொள்வேன். 1565இல் உதுமானியப் படையின் முற்றுகையைத் தாக்குப்பிடித்த புனித யோவான் மாவீரர்கள் என்ற கிறிஸ்தவப் போர்வீரர் அமைப்பினர், அடுத்த ஆண்டே அடிக்கல் நாட்டி எழுப்பிய கோட்டை நகரம் அது. விடியற்காலையில் கப்பல் அந்தப் பெரும் துறைமுகத்துக்குள் நுழையும்போது இரு புறமும் மஞ்சள் சுண்ணாம்புக்கல் மதில்கள் நீரிலிருந்தே எழுகின்றன. வேலூர்க் கோட்டையின் அகழியோரம் நின்று கருங்கல் மதிலை அண்ணாந்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு, அந்த மதில்களின் கொத்தளங்கள் ஒவ்வொன்றும் எதற்காக அந்த இடத்தில் அமைந்தன என்பது சொல்லாமலே புரியும். கப்பல் மதிலுக்குக் கீழேயே நிற்கிறது. 58 மீட்டர் உயர லிஃப்ட் ஒன்று நேராக மேல் பராக்கா தோட்டத்தில் கொண்டு சேர்க்கிறது. நண்பகலில் அங்கு பீரங்கி முழங்குவதைக் கேட்டுவிட்டு, 1608இல் கரவாஜ்ஜோ தீட்டிய பேரோவியம் உள்ள புனித யோவான் இணைப் பேராலயத்துக்குச் சென்றோம். நேப்பிள்ஸிலும் இங்கும் கப்பல் நின்ற நேரம் ஏறத்தாழ ஒன்றே. இங்கே அந்த நேரம் முழுவதும் எங்களுடையதாக இருந்தது. ஆகவே அட்டவணையைப் படிக்கும்போது மணிக்கணக்கோடு, கப்பல் நிற்கும் இடத்துக்கும் காண வேண்டிய இடத்துக்கும் உள்ள தொலைவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ரோம் என்று அச்சிட்டிருந்தால் கப்பல் நிற்பது எழுபது கிலோமீட்டருக்கு அப்பால் சிவிதாவெக்கியாவில்; ஃபிளாரன்ஸ் என்றால் லிவோர்னோவில்.

அடுத்த நாள் முழுவதும் கடலில். வயதானவர்களுக்கு அந்த ஓய்வு தேவை. எனக்கு அதை ஒரு துறைமுகமாக மாற்றித் தந்திருக்கலாம் என்றே தோன்றியது. ஒரு முறை பெட்டியைப் பிரித்துவிட்டால் நான்கு நாடுகளையும் பார்த்து முடிக்கும்வரை அதை மீண்டும் கட்ட வேண்டாம் என்பதும், எங்கும் லிஃப்டும் சக்கர நாற்காலியும் கிடைப்பதும், பெற்றோரை அழைத்துச் செல்ல நினைப்பவர்களுக்கு இந்தப் பயணத்தை ஐரோப்பியப் பேருந்துச் சுற்றுலாக்களைவிட மிகவும் மேலானதாக்குகின்றன. ஒரே நகரத்தை ஊன்றி அறிய விரும்பும் இளைஞர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இறங்குவதற்கு முந்தைய இரவு பெட்டிகளில் வண்ணச் சீட்டைக் கட்டி அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும். மறுநாள் காலைக்கான உடையையும் மருந்தையும் கடவுச்சீட்டையும் அதற்கு முன்பே தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதே நாளில் ஊர் திரும்புவதானால் பிற்பகலுக்கு முந்தைய விமானம் வேண்டாம். நாங்கள் ஒரு நாள் கூடுதலாகத் தங்கி, 1882இல் தொடங்கிய சக்ராதா ஃபமிலியா தேவாலயத்தைப் பார்த்த பிறகே சென்னைக்கு விமானமேறினோம்; அதற்கான நுழைவுச் சீட்டையும் நேரம் குறித்து முன்பே இணையத்தில் வாங்கிவிட வேண்டும்.