கச்சானுக்கும் தாக்குப்பிடிக்கும் மணி பிளான்ட்: உப்புவெளியில் வளர்த்த அனுபவம்

திருகோணமலை உப்புவெளியில் கடற்கரைக்குக் கிட்ட எங்கள் வீடு. கச்சான் என்ற வறண்ட சூட்டுக் காற்று தொடங்கிவிட்டால் வளவில் பச்சை என்று மிஞ்சுவது வேம்பும் தென்னையும்தான். கலத்தியா மாதிரி மெல்லிய இலைச்செடிகள் விறாந்தை நிழலில் நின்றாலும் ஓரம் கருகிச் சுருண்டுவிடும். மணி பிளான்ட் அப்படியில்லை. இலை தடிப்பு, தண்ணீர் பிந்தினால் தொங்கும், ஊற்றினால் மறுநாள் நிமிரும். பல வருடமாக வளர்த்த பிறகும், திருகோணமலையில் புதிதாகச் செடி வைக்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன்.

ஆனால் உவர்த் தண்ணீர் இதற்கு ஆகாது. கோடையில் எங்கள் கிணறு கொஞ்சம் உவர்க்கும். அப்போது சாடியின் விளிம்பில் வெள்ளையாகப் படை கட்டும், பிறகு இலை நுனி பழுப்பாகும். பசளை போட்டுப் பயனில்லை. மாரி தொடங்கியதும் சாடிகளை மழையில் தூக்கி வைத்து, அடித்துளையால் தண்ணீர் நன்றாக ஓட விட்டால் உப்பு கழுவுண்டு போகும்.

இது தானாகப் பூப்பது மிகமிக அரிது. கடைசியாகப் பூத்ததாகப் பதிவானது 1964 இல். ஜிபரலின் என்ற ஹோர்மோனைச் செடியால் சரியாக உண்டாக்க முடியாததே காரணம். ஆகவே விதை என்ற பேச்சே இல்லை. எல்லாம் கொடித் துண்டுதான். கொடியைத் திருப்பிப் பாருங்கள்: இலைக்காம்பு சேரும் கணுவுக்குப் பக்கத்தில் மண்ணிறத்தில் சின்ன மொட்டு மாதிரி ஒன்று துருத்தி நிற்கும். வேர் வருவது அங்கிருந்துதான். அதற்கு ஒரு விரலளவு கீழே வெட்ட வேண்டும். கணு இல்லாத வெறும் இலையைத் தண்ணீரில் போட்டால் பல நாள் பச்சையாக நிற்கும், ஆனால் கொடியாக வளராது.

துண்டைப் போத்தல் தண்ணீரில் வைப்பதுதான் இங்கே பெரும்பாலானோர் வழக்கம். பக்கத்து வீட்டு மாமியும், "பிள்ளை, வேர் வாறதைப் பார்க்க வடிவுதானே" என்பார். வடிவுதான், மறுக்கவில்லை. ஆனால் 2017 இல் எங்கள் மாவட்டத்துக் கிண்ணியாவை டெங்கு ஆட்டிய ஆட்டத்துக்குப் பிறகு என் வீட்டில் அந்தப் போத்தல்கள் இல்லை. டெங்கு நுளம்பு முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, போத்தலின் உள்பக்கத்தில் ஒட்டிவிடும். காய்ந்தாலும் அது மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தண்ணீரை மட்டும் மாற்றினால் போதாது, உள்ளே தேய்த்துக் கழுவ வேண்டும். ஒடுங்கிய கழுத்துப் போத்தலை யார் வாராவாரம் தேய்க்கிறது?

நான் நேரே தென்னந் தும்புத்தூளில்தான் நடுகிறேன். அதோடு கழுவிய மணலும் கொஞ்சம் மக்கிய மாட்டெருவும். ஈரமாக இருந்தால் போதும், சொதசொதவென்று இருந்தால் கணு அழுகும். மெதுவாக இழுத்துப் பார்க்கையில் துண்டு பிடித்துக்கொண்டால் வேர் விட்டாயிற்று. தண்ணீரில் வேர்விட்ட துண்டு மண்ணுக்கு மாறும்போது சோருகிற சிக்கலும் இதில் இல்லை.

அப்புறம், தொங்கவிட்ட கொடியில் இலை பெருக்கவில்லை என்று பலர் குறைப்படுவார்கள். ஏறவிட்டால்தான் பெருக்கும். தடியில் பொச்சுமட்டையைச் சுற்றிக் கட்டி ஈரமாக வைத்திருங்கள், வேர் அதைப் பற்றும். வளவில் தென்னையில் ஏறின கொடியின் இலை சாப்பாட்டுக் கோப்பையை விடப் பெரிது, ஓரமும் கிழிந்து வேறு செடி போலத் தெரியும். மஞ்சள் கோடுகள் மங்கினால் வெளிச்சம் போதவில்லை. அதற்காக உச்சி வெயிலில் வைத்தால் இலை வெந்துவிடும்.

பூனை, நாய் வளர்க்கிறவர்கள் உயரத்தில் வையுங்கள். இலையில் உள்ள கல்சியம் ஒக்சலேற்றுப் பளிங்குகள் கடித்தால் வாயை எரிக்கும்.

மாபிள் குயீன் என்ற, இலையில் வெள்ளை கலந்த மணி பிளான்ட் வகையைப் பற்றியும் கேட்கிறார்கள். வெள்ளை கூடின இலையில் பச்சையம் குறைவு, அதனால் வளர்ச்சி மந்தம். எங்கள் பக்கக் காற்றில் அந்த வெள்ளைப் பகுதிதான் முதலில் கருகுகிறது. கடலோரத்தில் இருக்கிறவர்கள் அதற்குக் காசு கொடுக்க வேண்டாம்.