திருமங்கலத்திலிருந்து கே.கே. நகர் வரை தூக்கிச் செல்ல ஒரு மடிக்கணினி

சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் புறப்படும்போதெல்லாம் உறவில் யாராவது ஒருவர் மடிக்கணினி கேட்பது வழக்கம். இந்தமுறை கேட்டவள் அக்கா மகள். திருமங்கலத்தில் இருந்துகொண்டு மதுரை கே.கே. நகரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்துக்கு வேலைக்குப் போய்வருகிறாள். வாங்கி வருகிறேன் என்று நான் உடனே சொல்லவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் அண்ணன் மகனுக்கு அங்கிருந்து ஒன்று கொண்டுவந்தேன். 18 வயது நிறைந்த பயணி ஒரு மடிக்கணினியைச் சுங்க வரியின்றிக் கொண்டுவரலாம் என்பதால் விமான நிலையத்தில் எந்தச் சிக்கலும் இல்லை. வாங்கிய எட்டாம் மாதம் திரையில் கோடு விழுந்தபோதுதான், அந்த மாடலின் வாரண்டி வாங்கிய நாட்டோடு முடிந்துவிடுகிறது என்று மதுரை சர்வீஸ் சென்டரில் சொன்னார்கள். சிங்கப்பூரில் ஜி.எஸ்.டி. குறைவு, இங்கே மடிக்கணினிக்கு 18 விழுக்காடு என்று கணக்குப் போட்டு நான் மிச்சம் பிடித்த தொகை அந்தத் திரைக்கே சரியாகப் போயிற்று. ஆகவே இந்தமுறை மதுரையிலேயே வாங்குவது என்று முடிவு செய்துகொண்டுதான் விமானம் ஏறினேன்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் பெட்டியைத் தொங்கவிட்டு எடை பார்க்கும் சிறிய தராசு ஒன்றை எப்போதும் வைத்திருப்போம். வந்த மறுநாள் மாலை, வேலை முடிந்து வந்தவளின் தோள்பையை அதில் மாட்டித் தூக்கினேன். 4 கிலோ 600 கிராம் காட்டியது. 15.6 அங்குல பழைய மடிக்கணினி மட்டும் 2 கிலோ 200 கிராம், அதன் செங்கல் போன்ற சார்ஜர் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு, மீதி டிபன் பாத்திரமும் தண்ணீர் பாட்டிலும் வாடிக்கையாளர்களின் கோப்புகளும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது அவளுக்குப் பெரிய உதவிதான். ஆனால் காலை நேரக் கூட்டத்தில் உட்கார இடம் கிடைப்பதில்லை. பெரியார் பேருந்து நிலையம் வரை நின்றுகொண்டு வந்து, அங்கிருந்து இன்னொரு பேருந்து பிடிக்க வேண்டும். முதுகுவலி என்று அக்கா போனில் புலம்பிய காரணம் தராசு முள் இல்லாமலே புரிந்தது.

எடை குறைவாக இருக்க வேண்டும் என்பது ஒன்றே குறி என்றால் கடையில் அரை மணி நேரத்தில் வேலை முடிந்திருக்கும். பைபாஸ் ரோட்டில் நாங்கள் முதலில் நுழைந்த ஷோரூமில் விற்பனையாளர் எடுத்துக் கொடுத்தது ஒரு கிலோ 200 கிராம்கூட இல்லாத அழகான பொருள். அவள் அதை ஒரு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, டோக்கனைச் சொருக இடமில்லையே" என்றாள். கம்பெனிகளின் ஜி.எஸ்.டி. கணக்கையும் கம்பெனிச் சட்டப் படிவங்களையும் தாக்கல் செய்ய டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். அது பென் டிரைவ் போன்ற டோக்கனில் இருக்கிறது. அந்த டோக்கனோ பழைய அகலமான யு.எஸ்.பி. வாயில்தான் நுழையும். மெல்லிய கணினிகளில் பலவற்றில் டைப்-சி வாய் மட்டுமே இருக்கிறது. அடாப்டர் என்னும் மாற்றி ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்றார் விற்பனையாளர். வாங்கலாம்தான், 20-ஆம் தேதி மாலை, ஜி.எஸ்.டி.ஆர். 3பி என்னும் மாதக் கணக்குத் தாக்கலுக்குக் கடைசி நாளில், அந்த மாற்றியைத் தேடிப் பையைக் கவிழ்ப்பவள் அவள் அல்லவா? ஆப்பிளின் மேக்புக் ஏர் நன்றாக இருக்கும் என்று என் மனத்தில் இருந்த எண்ணமும் அங்கேயே நின்றுபோயிற்று, ஏனென்றால் அவர்கள் அலுவலகம் முழுவதும் ஓடுவது டேலி என்னும் கணக்கு மென்பொருளில், டேலி நேரடியாக ஓடுவது விண்டோஸில்.

அந்த ஷோரூமில் மரியாதைக்குக் குறைவில்லை. குளிர்ந்த தண்ணீர் வந்தது, நாற்காலி வந்தது. ஆனால் காட்சிக்கு வைத்த கணினிகள் எல்லாம் திருட்டுத் தடுப்புக் கம்பியால் மேசையோடு பிணைக்கப்பட்டிருந்தன. எடையைத் தவிர மற்ற எல்லாம் விலைச் சீட்டில் எழுதியிருந்தது. கூடுதல் வாரண்டி, ஆன்டிவைரஸ், பை, மவுஸ் என்று ஐயாயிரம் ரூபாய்க்கு ஒரு கட்டு சேர்த்தால்தான் சொன்ன விலை என்றபோது எழுந்துவிட்டோம்.

டவுன்ஹால் ரோடு பக்கம் இருந்த இரண்டாம் கடை பாதியளவுகூட இல்லை. அங்கே கம்பியைக் கழற்றிக் கையில் கொடுத்தார்கள். நான் தராசை எடுத்ததும் கடைப் பையன் சிரித்துவிட்டான். பிறகு அவனே ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து, அதில் கணினியைப் போட்டுப் பிடித்தான். 14 அங்குலத் திரை, இரண்டு பழைய யு.எஸ்.பி. வாய், ஒரு எச்.டி.எம்.ஐ., இரண்டு டைப்-சி. 1 கிலோ 400 கிராம். டைப்-சி வழியாகவே 65 வாட் சார்ஜர் ஏறுகிறது, அது 300 கிராமுக்குள்.

இங்கே மாமனுக்கும் மருமகளுக்கும் சிறிது வாக்குவாதம். 14 அங்குலத்தில் வலப்பக்க எண் விசைகள் இல்லை. வரவு செலவு வவுச்சர்களைக் கணினியில் பதிகிறவர்களுக்கு அது பேனா இல்லாமல் எழுதுவது போல. அவள் பழைய கணினியில் பார்வையைத் தாளில் வைத்துக்கொண்டே வலக்கையால் எண்களைத் தட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். எண் விசைகளோடு 16 அங்குலத்தில் மெல்லியது ஒன்று இருந்தது, 1 கிலோ 800 கிராம். அதையே எடுத்துக்கொள் என்றேன். அவள் யோசித்துவிட்டு, பதிவு வேலை முழுவதும் அலுவலகத்தில்தான், வீட்டில் செய்வது சரிபார்ப்பும் தாக்கலும் மட்டுமே, ஆகவே தனி எண் பலகை ஒன்றை அலுவலக மேசை டிராயரில் போட்டுவைத்துக்கொள்கிறேன் என்றாள். தினமும் சுமப்பவள் சொல்லும்போது நான் மேலும் பேசவில்லை.

ராம் என்னும் நினைவகம் 8 ஜி.பி. போதும், பின்னால் ஏற்றிக்கொள்ளலாம் என்று முதலில் சொன்ன கடைக்காரர், உறுதியாகத் தெரியுமா என்று கேட்டதும் மெக்கானிக்குக்குப் போன் போட்டார். இந்த மாடலில் ராம் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கிறது, ஏற்ற முடியாது என்று பதில் வந்ததை மறைக்காமல் எங்களிடம் சொன்னார். வியாபாரம் கைவிட்டுப் போகக்கூடிய இடத்தில் அப்படிச் சொன்னதற்காகவே அந்தக் கடையில் வாங்கினேன் என்று சொல்லலாம். 16 ஜி.பி. உள்ளதையே எடுத்தோம். பிராசஸர் பெயரின் கடைசியில் யு என்று முடிவதையே கேட்டு வாங்கினேன். எச் என்று முடிவது வேகமானது, ஆனால் கூடுதல் மின்சாரம் குடித்துச் சூடேறும், மெல்லிய உடலில் விசிறி இரைந்துகொண்டே இருக்கும். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலேயே மின்சாரத்தை நிறுத்தும் நாளில் பேட்டரிதான் துணை. திரை 1920-க்கு 1200 புள்ளிகள் என்பதால் எக்செல் தாளில் சில வரிகள் கூடுதலாகத் தெரிகின்றன.

எம்.எஸ். ஆபீஸ் ஆயுள் முழுக்க இலவசம் என்று கடையில் சொன்னார்கள். கூட வந்தது ஹோம் அண்ட் ஸ்டூடன்ட் பதிப்பு. அதன் உரிமம் வீட்டுக்கும் படிப்புக்கும் உரியது, தொழிலுக்கு அன்று. அவள் அலுவலகத்தில் தனி உரிமம் இருந்ததால் கவலையில்லை. இருந்தாலும் கடைப் பையன் வேகமாக ஒரு புதிய மின்னஞ்சல் உருவாக்கி ஆக்டிவேட் செய்யப் போனபோது அவள் தடுத்து, தன் முகவரியையே இட்டாள். முதலில் எந்தக் கணக்கில் ஏறுகிறதோ அதோடு ஆபீஸ் ஒட்டிக்கொள்ளும். கடையில் போட்ட கடவுச்சொல்லை ஆறு மாதம் கழித்து யாரிடம் போய்க் கேட்பது?

விலை 64,990 ரூபாய். ஆடிட்டர் பணத்தைத் தாம் தருவதாகச் சொல்லியிருந்ததால் பில் அலுவலகப் பெயரில், அதன் ஜி.எஸ்.டி. எண்ணோடு வர வேண்டும். அப்போதுதான் விலைக்குள் அடங்கிய 9,914 ரூபாய் வரியை உள்ளீட்டு வரியாக எடுத்து, அலுவலகம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியும். முதலில் வந்த பில்லில் எண் இல்லை. "அண்ணே, இது பி-டு-சி பில், கேன்சல் பண்ணிட்டு பி-டு-பி-யா போடுங்க" என்று, தனிநபர் பில்லை நிறுவனத்துக்கான பில்லாக மாற்றும்படி அவள் சொன்ன தொனியில் கல்லாவில் இருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஐந்து நிமிடத்தில் மாற்றிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் இட்டால், வாரண்டி இரண்டு மாதங்களுக்கு முன்பே தொடங்கியதாகக் காட்டியது. கணினி கடைக்கு அனுப்பப்பட்ட நாளை அவர்கள் கணக்கில் எடுத்திருந்தார்கள். பில்லின் படத்தை அனுப்பித் திருத்தச் சொன்னோம். மூன்றாம் நாள் தேதி சரியாகிவிட்டது. அதைக் காட்டி அவள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் சிங்கப்பூரில் நான் இறங்கிப் பெட்டிக்காகக் காத்திருந்தபோது வந்தது.