எஸ்பிசி சாஃப்ட்வேர்: ஒரு வருடம் ஓட்டிப் பார்த்ததில்

கோவையில் நான்கு சிஎன்சி லேத் ஓடும் சின்னப் பட்டறை எங்களுடையது. போன வருடம் ஆடிட்டுக்கு வந்த கஸ்டமர் ஆள் கன்ட்ரோல் சார்ட் (அளவுகளைப் புள்ளியாக வைத்து, எல்லைக் கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்க்கும் படம்) எங்கே என்று பிடித்துக்கொள்ள, அவசரத்தில் சந்தா கட்டி ஒரு எஸ்பிசி (அளவுகளின் புள்ளிவிவரத்தை வைத்து உற்பத்தியைக் கட்டுக்குள் வைப்பது) சாஃப்ட்வேர் வாங்கினோம். பெயர் வேண்டாம், குறைதான் அதிகம் சொல்லப்போகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். டிஜிட்டல் மைக்ரோமீட்டரைக் கேபிளில் மாட்டிவிட்டால் அளவு நேராகப் போய்ப் பதிவாகிவிடுகிறது. இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, ஷிப்ட் முடிகிற நேரத்தில் மொத்தமாக உட்கார்ந்து 20.001, 20.000, 19.999 என்று ஒரே மையில் நிரப்பிய நோட்டுகளைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அந்த நோட்டை வைத்துச் சார்ட் போட்டால் புள்ளிகள் நடுக்கோட்டை விட்டு அசையவே அசையாது!

சரி, தலைவலிக்கு வருவோம். நாங்கள் கடைவது 20 மி.மீ. விட்டமுள்ள பின் (pin); டாலரன்ஸ், அதாவது அளவு விலக அனுமதி, இரண்டு பக்கமும் 20 மைக்ரான். மணிக்கு ஒரு தடவை ஐந்து பீஸ் அளக்கிறோம். ஐந்தில் பெரியதுக்கும் சின்னதுக்கும் உள்ள வித்தியாசம் (ரேஞ்ச்) எங்களுக்குச் சராசரியாக 10 மைக்ரான், ஐந்து பீஸுக்கு உரிய மாறிலி 0.577-ஆல் பெருக்கினால் எக்ஸ்-பார் சார்ட்டின் (ஐந்தின் சராசரியைப் புள்ளியாக வைப்பது) எல்லை நடுவிலிருந்து ஏறத்தாழ 6 மைக்ரானில் நிற்கும். சாஃப்ட்வேரோ அதே சார்ட்டில் டாலரன்ஸையும் தடித்த சிவப்புக் கோடாகப் போட்டு வைத்திருந்தது. ஆபரேட்டர் எதைப் பார்ப்பார்? 9 மைக்ரான் ஏறிய புள்ளியை, சிவப்புக்குள்ளேதானே இருக்கிறது என்று விட்டுவிட்டார். தனிப் பீஸுக்கான டாலரன்ஸைச் சராசரி ஓடும் சார்ட்டில் வரைவதே தப்பு.

இதைவிட மோசம், புதுப் புள்ளி விழும்போதெல்லாம் எல்லையைத் தானே திரும்பக் கணக்குப் போட்டுக்கொள்வது. இன்சர்ட் (வெட்டும் முனை) தேயத் தேய வெளிவிட்டம் மெல்ல ஏறும், கூடவே நடுக்கோடும் ஏறிக்கொண்டிருந்தால் சார்ட் எதைத்தான் காட்டிக்கொடுக்கும்? ஒழுங்காக ஓடிய 25 செட்டை வைத்து எல்லையைப் பூட்ட ஒரு வசதி இருக்கிறது, செட்டிங்கில் எங்கோ மூலையில். கண்டுபிடிக்க இரண்டு மாதம் ஆனது.

அலாரம் தனிக்கதை. புள்ளி எல்லையைத் தாண்டினால் கத்தும் 3 சிக்மா விதி மட்டும் என்றால், மெஷின் சரியாக ஓடும்போது பொய் அலாரம் சராசரியாக 370 புள்ளிக்கு ஒன்று. எல்லைக்குள்ளேயே புள்ளிகள் ஒரு பக்கமாகச் சாய்வதையும் பிடிக்கும் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனி விதிகள் நான்கையும் சேர்த்தால் 92-க்கு ஒன்று. இவர்கள் சாஃப்ட்வேரில் உள்ள எட்டு விதியையும் ஆன் செய்தே கொடுத்திருந்தார்கள். கத்தும்போதெல்லாம் ஆபரேட்டர் ஆஃப்செட்டைத் (டூல் நிற்கும் இடத்துக்கான திருத்தத்தை) தட்ட, இருந்த ஏற்ற இறக்கம் இன்னும் கூடியது. இரண்டாவது வாரம் யாரோ ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிவிட்டார்கள். நான் விசாரிக்கவில்லை.

ஐந்துக்கு மூன்று கொடுக்கலாம். செட்டிங்கை மாற்றிய பிறகு ஒழுங்காகத்தான் ஓடுகிறது, ஆனால் அதை மாற்றத் தெரிந்தவருக்கு எக்செலே போதுமே என்ற எண்ணமும் வருகிறது. கன்ட்ரோல் சார்ட்டைக் கண்டுபிடித்த ஷூவார்ட் 1924-ல் இந்த யோசனையைச் சொன்னதே ஒரு பக்கக் குறிப்பில்தான், அதிலும் ஒரு பகுதி வெறும் படம்.

சந்தாவை ஒரு மெஷினுக்கு மட்டும் புதுப்பித்திருக்கிறோம். மற்ற மூன்றிலும் அட்டையில் காகிதச் சார்ட், நூலில் கட்டிய பென்சில். கையால் புள்ளி வைக்கிறவர், புள்ளி ஏறுவதைப் பார்த்து அவராகவே இன்சர்ட்டைத் திருப்பிப் போடுகிறார். பழைய நோட்டுக் கதை திரும்பாமல் பார்த்துக்கொள்வது சூப்பர்வைசர் பாடு.