ஸ்டாக்ஹோமா, மால்மோவா? எங்களுக்கு வீடுதான் முடிவு செய்தது

ஸ்வீடனின் தலைநகர் ஸ்டாக்ஹோமில் நான்கு ஆண்டுகள் இருந்தோம். அந்நாட்டின் தென்கோடியில் உள்ள மால்மோவில் இது எங்களுக்கு இரண்டாவது குளிர்காலம். எந்த ஊர் மேல் என்று கேட்டால் தயங்காமல் மால்மோ என்பேன்.

மளிகைச் செலவு இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். மால்மோவின் மொல்லவோங்கன் சந்தையில் கொத்தமல்லி மலிவு, அவ்வளவே. குழந்தைகள் காப்பகக் கட்டணத்துக்கு நாடு முழுவதும் ஒரே உச்சவரம்பு. உள்ளூர் வருமான வரி மட்டும் மால்மோவில் கூடுதல்: ஸ்டாக்ஹோமில் 30 சதவீதத்தை ஒட்டி, இங்கே 32-ஐத் தாண்டி.

அந்த இரண்டு சதவீதத்தை வீடு விழுங்கிவிடுகிறது. ஸ்டாக்ஹோமில் வீட்டு உரிமையாளருடனே நேரடி வாடகை ஒப்பந்தம் வேண்டுமென்றால் பெரும்பாலும் நகராட்சியின் காத்திருப்பு வரிசையில் பதிய வேண்டும். ஆண்டுக்கு 200 குரோனர் (ஸ்வீடன் நாணயம்) கட்டினால் காத்திருப்பு நாட்கள் சேரும். சராசரிக் காத்திருப்பு ஒன்பது ஆண்டை ஒட்டியது. நகர மையத்தில் இன்னும் நீளும். உள்ளூர்ப் பிள்ளைகள் 18 வயதிலேயே பதிந்துவிடுகிறார்கள். முப்பது வயதுக்கு மேல் வேலைக்கு வந்து சேர்பவருக்கு உள்வாடகைதான் மிச்சம். சொந்த வீட்டை உள்வாடகைக்கு விடுபவர் குடியிருப்புச் சங்கத்திடம் அனுமதி பெற வேண்டும். அது பெரும்பாலும் ஓர் ஆண்டுக்குத்தான் கிடைக்கும்.

நான்கு ஆண்டில் நான்கு வீடு மாறினோம். ஸ்டாக்ஹோமை ஒட்டிய சோல்னா, சுண்ட்பிபேரி எல்லாம் பக்கத்துப் பக்கத்து ஊர்கள்தான், ஆனால் தனித்தனி நகராட்சிகள். நகராட்சி மாறியபோதெல்லாம் மகளின் காப்பகமும் மாறியது. மூன்று வயதுக்குள் மூன்று காப்பகம். ஒவ்வொரு முறையும் அவள் பழகும்வரை எங்களில் ஒருவர் விடுப்பெடுத்துக் கூடவே உட்கார்ந்தோம். கடைசிக் காப்பகத்தில் முதல் நாள் முழுதும் ஜாக்கெட்டைக் கழற்றவிடாமல், பழைய தோழியின் பெயரைச் சொல்லி அழுதாள். அன்று இரவுதான் முடிவெடுத்தோம்.

மால்மோ வரிசையில் வெளியூரிலிருந்தே பதியலாம். இங்கே காத்திருப்பு சராசரியாக மூன்று ஆண்டளவில்தான். முன்பே பதிந்து வைத்திருந்ததால் எங்களுக்கு வீடு கிடைத்தது. ஸ்டாக்ஹோமில் 48 சதுர மீட்டருக்கு மாதம் 14,500 குரோனர் கொடுத்தவர்கள், இப்போது 65 சதுர மீட்டருக்கு 9,400 கொடுக்கிறோம். ஒப்பந்தத்துக்கு முடிவுத் தேதி கிடையாது. வாடகை உயர்வும் வாடகைதாரர் சங்கத்துடன் பேசித்தான் முடிவாகிறது.

வேலைவாய்ப்பில் தலைநகரம்தான் முன்னே. என் நிறுவனம் இடமாற்றம் தந்தது. என் மனைவிக்கு இங்கே வேலை கிடைக்க எட்டு மாதம் ஆயிற்று. கடல் பாலத்தைக் கடந்து டென்மார்க்கின் கோபன்ஹேகனுக்குத் தினமும் ரயிலில் போய்வருபவர்கள் பலர். அந்த வாழ்க்கையை நான் வாழ்ந்து பார்த்ததில்லை. மகள் இன்னும் பள்ளிக்குப் போகாததால் பள்ளிகளை ஒப்பிடவும் எனக்குத் தகுதியில்லை. ஸ்டாக்ஹோமின் பனி வெளிச்சத்துக்கு ஏங்குகிறேன். இங்கே குளிர்காலம் என்றால் காற்றும் மழையும்தான்.

ஸ்டாக்ஹோம் வரிசைக்கான 200 குரோனரை மட்டும் இன்னும் கட்டிவருகிறேன். அந்த நாட்கள் மகளுக்கு உதவாது, அவள் பெயரில் 18 வயதில்தான் பதிய முடியும். ஆனாலும் சேர்ந்த நாட்களை விட மனம் வரவில்லை.