சைக்கிள் பயணத்தின் ஓய்வு நாளுக்குச் செஞ்சிக் கோட்டை

புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான கல்தூண்களின் அருகிலிருந்து எங்கள் சைக்கிள் பயணத்தைத் தொடங்கினோம். திண்டிவனம் வழியாக முதல் நாள் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் மிதித்துச் செஞ்சி, அங்கே ஒரு நாள் ஓய்வு, மூன்றாம் நாள் 40 கிலோமீட்டருக்குள் திருவண்ணாமலை என்பது திட்டம். அந்த ஓய்வு நாளைச் செஞ்சிக் கோட்டையில் கழிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், தாராளமாகக் கழிக்கலாம் என்பதே. ஆனால் ராஜகிரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மலைகளையும் ஒரே நாளில் ஏறும் எண்ணம் வேண்டாம்.

கோட்டை மூன்று குன்றுகளையும் அவற்றை இணைக்கும் நீண்ட மதில்களையும் கொண்டது. திருவண்ணாமலைச் சாலை ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே செல்வதால், அறையிலிருந்து கோட்டை வாசல் வரை சைக்கிளிலேயே போய்விடலாம். நாங்கள் தேர்ந்தெடுத்தது சுமார் 800 அடி உயரமுள்ள ராஜகிரி. காலையில் கதவு திறந்ததும் ஏறத் தொடங்கிவிட வேண்டும். பத்து மணிக்கு மேல் பாறை கொதிக்கிறது, பிற்பகலில் ஒரு நேரத்துக்குப் பிறகு மேலே ஏற விடுவதுமில்லை. பெடலில் மாட்டும் அடிக்கட்டை பதித்த சைக்கிள் காலணியோடு ஏறாதீர்கள். என் நண்பர் அப்படி ஏறி, தேய்ந்து வழுவழுப்பான கருங்கல் படியில் இருமுறை சறுக்கினார். தண்ணீரைக் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள். வாழைப்பழத்தைப் பைக்குள் வைத்து மூடிவிடுங்கள், குரங்குகள் கையிலிருந்தே பறித்துக்கொண்டு போகின்றன.

ஏற்றத்தின் கடைசியில் வருவதுதான் இக்கோட்டையின் உயிர். உச்சிப்பாறை மலையின் மற்ற பகுதியிலிருந்து ஆழமான பிளவினால் பிரிந்து நிற்கிறது. அதைக் கடக்க ஒரு சிறு பாலம் மட்டுமே உண்டு. அந்தப் பாலத்தை எடுத்துவிட்டால் கீழே எத்தனை ஆயிரம் பேர் முற்றுகையிட்டாலும் மேலே இருப்பவர்களை நெருங்க முடியாது என்பது, அதன் நடுவில் நின்று கீழே பார்க்கும்போது எந்த விளக்கமும் இல்லாமல் புரிந்துவிடுகிறது. 1677இல் சிவாஜி கைப்பற்றிய இக்கோட்டையில் அவருடைய மகன் ராஜாராம் தஞ்சமடைந்தபோது, முகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட வேண்டியிருந்தது. கோட்டை விழுவதற்கு முன்பே அவர் தப்பிச் சென்றுவிட்டார். 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னமான 12 மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றே. அத்தகைய இடத்தில், உச்சியிலுள்ள மண்டபச் சுவர்களில் ஆணியால் கீறப்பட்ட காதலர் பெயர்களைப் பார்த்தபோது மனம் மிகவும் வலித்தது.

இறங்கியபின் வெயில் தணியும்வரை கீழ்க்கோட்டையிலேயே இருந்தோம். உண்மையான ஓய்வு அங்கேதான் கிடைத்தது. கல்யாண மஹாலின் அடுக்கடுக்கான கோபுரம், நெற்களஞ்சியத்தின் குளிர்ந்த இருட்டு, கரையில் உட்கார்ந்து கால் நீட்டக் குளம் என எல்லாம் நடக்கும் தொலைவில் உள்ளன. வேங்கடரமணர் கோயிலுக்கு மட்டும் ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். அதன் வாசல் சுவரில் பாற்கடல் கடைந்த கதையும் இராமாயணக் காட்சிகளும் விரல் நீளச் சிற்பங்களாக விரிகின்றன. நாங்கள் புறப்பட்ட இடத்தில் பார்த்த கடற்கரைத் தூண்கள் பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சியிலிருந்து எடுத்துச் சென்றவை. இங்கே எஞ்சி நிற்கும் தூண் ஒன்றில் கை வைத்தபோது, எங்கள் 70 கிலோமீட்டரை அந்தக் கற்கள் மாட்டு வண்டிக் காலத்தில் எதிர்த்திசையில் கடந்திருக்கின்றன என்ற நினைவு நெடுநேரம் அகலவில்லை.

மறுநாள் காலை தொடை இரண்டும் பிடித்துக்கொண்டிருந்தன. ஏறியதைவிடப் படி இறங்கியதுதான் காரணம், மிதிக்கும்போது பழகாத விதத்தில், நீண்டபடியே உடல் எடையைத் தாங்கித் தொடைத் தசைகள் அப்போது பாடுபடுகின்றன. முதல் 10 கிலோமீட்டரை இலேசான கியரில் மெதுவாக மிதித்தபின் கால் இளகியது. வெயில் ஏறுமுன் திருவண்ணாமலை வந்து சேர்ந்தோம்.