பௌம்வொல்லெ, லைன்வான்ட்: எந்த ஜெர்மன் சொல்லின் வேர் சுவையானது?

ஜெர்மன் மொழியில் பருத்திக்குப் பெயர் பௌம்வொல்லெ. 'பௌம்' மரம், 'வொல்லெ' கம்பளி. கிறிஸ்துவுக்கு முன் 5ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், இந்தியாவில் காட்டு மரங்கள் கம்பளி காய்க்கின்றன, அது ஆட்டுக் கம்பளியைவிட அழகும் தரமும் மிக்கது என்று எழுதினார். கம்பளி என்றால் ஆட்டு மயிர் என்றே அறிந்தவர்கள் வேறெப்படிச் சொல்வார்கள்? பருத்தி பெரும்பாலும் செடிதான் என்பது வேறு விஷயம். சொல்லைப் பிரித்தால் பொருள் வந்துவிடும், அவ்வளவே.

லைன்வான்ட் அப்படியல்ல, என் ஓட்டு இதற்குத்தான். ஆளிநாரில் நெய்த துணி இது. 'லைன்' என்பது ஆளிச்செடி, லத்தீனின் 'லீனும்' சொல்லுக்கு உறவு. 'வான்ட்' என்றால் இன்றைய ஜெர்மனில் சுவர். ஆளிச் சுவரா? இல்லை. இடைக்கால ஜெர்மனில் இது 'லீன்வாத்'. 'வாத்' என்றால் ஆடை, துணி. அந்தச் சொல் வழக்கொழிந்தபின் பின்பாதி யாருக்கும் விளங்கவில்லை. ஆடையைக் குறிக்கும் 'கெவான்ட்' என்ற சொல்லின் சாயலில் மக்கள் அதை 'வான்ட்' ஆக்கிவிட்டார்கள். தமிழில் 'கோயில்' 'கோவில்' ஆவதுபோல வெறும் ஒலி மாற்றமல்ல இது. விளங்காத உறுப்புக்குத் தெரிந்த சொல்லைப் பொருத்தும் வேலை.

பிறகு ஓவியர்களின் கித்தானும் சினிமாத் திரையும் அதே பெயரைப் பெற்றன. திரையைச் சுவரில் மாட்டுவதால், 'சுவர்' என்ற தவறான விளக்கம் இன்று இன்னும் பொருத்தமாகத் தோன்றும். பௌம்வொல்லெயில் இப்படி ஏமாற இடமே இல்லை.